பண்டிகை வாழ்த்து: வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். அதைத் தொடர்ந்து ஏஜெண்டுகள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நம் கடைகளுக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். பிறகு ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக வரும். வாழ்த்து அட்டை, காலண்டர், செல்போன் செய்தி என்று ஏதாவது ஒரு வகையில் வாடிக்கையாளர்களுக்கு நாம் வாழ்த்துச் சொல்கிறோம். அதற்குச் செலவும் செய்கிறோம். ஆனால் யாருக்கு, எப்பொழுது, எந்த வார்த்தையில் சொல்வது என்பதில் அந்தச் செலவுக்கு ஏற்ற கவனம் நம்மிடம் இல்லை. காலண்டர் விலையைப் பத்து முறை பேரம் பேசுகிற நாம், அதைப் பெறுகிறவரின் பெயரை ஒரு முறை சரிபார்ப்பதில்லை.

வாழ்த்துச் சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுவிடாது. தவறாகச் சொன்னால் பல வருடப் பழக்கம் ஒரே நாளில் அறுந்துபோகும். ஆகவே இது பற்றிச் சில செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வாழ்த்து எதற்காக?

பில், விலைப்பட்டியல், பாக்கிக் கடிதம் என்று வருடம் முழுவதும் வாடிக்கையாளருக்கு நம்மிடமிருந்து போகும் தாள் ஒவ்வொன்றும் எதையாவது கேட்கிறது. எதையும் கேட்காமல் போகும் ஒரே தாள் வாழ்த்துதான். அதனுடைய மதிப்பே அதில்தான் இருக்கிறது.

இதை மறந்து, "பொங்கல் நல்வாழ்த்துகள்" என்று மேலே அச்சிட்டு, கீழே "உருட்டு உளுந்து, பொன்னி அரிசி, மண்டை வெல்லம் மலிவு விலையில் கிடைக்கும்" என்று போடுகிறோம். படிக்கிறவர் கண்ணுக்கு அது விளம்பர நோட்டீஸ். நோட்டீஸ் போகும் இடத்துக்கே அதுவும் போகும். விளம்பரம் செய்வது தவறில்லை. பண்டிகைச் சரக்கு வந்திருப்பதைப் பத்து நாள் முன்பே தனியாகத் தெரிவித்துவிடலாம். வாழ்த்து தனியாகப் போகட்டும். அதில் கடையின் பெயர், ஊர், தொலைபேசி எண் இருந்தால் போதும்.

பாக்கியும் வாழ்த்தும்

மொத்த வியாபாரிகளுக்குத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் வசூல் காலம். வாழ்த்து அனுப்பும் காலமும் அதுவே. இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்புகிற பழக்கம் பல மண்டிகளில் இருக்கிறது. தபால் செலவு மிச்சம் என்பது கணக்குப்பிள்ளையின் நியாயம். உறையைப் பிரித்தவர் முதலில் பார்ப்பது பாக்கித் தொகையை. அதன் பின் வாழ்த்தைப் படித்தால், பணம் கேட்பதற்காகப் போட்ட கும்பிடாகவே அது தெரியும்.

வசூல் கடிதம் முதலில் போகட்டும். வாழ்த்துக்கும் அதற்கும் நடுவே ஒரு வார இடைவெளியாவது இருக்கட்டும். வசூலுக்குப் போகும் பையனிடமே வாழ்த்து அட்டையைக் கொடுத்தனுப்புவதும் கூடாது. பணம் வராவிட்டால் அவன் முகம் மாறும். அந்த முகத்தோடு நீட்டும் அட்டைக்கு மதிப்பில்லை.

இன்னொன்று. பாக்கி வைத்திருப்பவர் பெயரைக் கோபத்தில் வாழ்த்துப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறோம். அட்டை வரவில்லை என்பதை முதலில் கவனிப்பவர் அந்தப் பாக்கிக்காரர்தான். "நம்மைக் கழித்துவிட்டார்கள்" என்று அவர் முடிவு செய்கிறார். பிறகு ரொக்கத்துக்கு வேறு கடையில் சரக்கு எடுக்கத் தொடங்குகிறார். பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்ற நினைப்பும் அதோடு போய்விடுகிறது. மாதப் பற்றில் சாமான் வாங்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும். பற்று நோட்டில் நிலுவை நிற்கிறது என்பதற்காகக் காலண்டரை நிறுத்தினால், நிலுவையும் நின்றுவிடும், ஆளும் நின்றுவிடுவார். பாக்கியைப் பாக்கியாகக் கேளுங்கள். வாழ்த்தை வாழ்த்தாகச் சொல்லுங்கள்.

காசோலை திரும்பி வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, அல்லது வழக்கு நடக்கிறது என்றால் மட்டும் விலக்கு. அந்த நிலையில் நாம் எழுதும் எந்தத் தாளும் வழக்குக் கட்டில் சேரக்கூடியது. அது தீரும் வரை நேரில் கண்டால் வணக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பதிவேட்டைச் சரிபார்த்தல்

வாழ்த்து அனுப்புவதில் நேரும் மிகப் பெரிய தவறு, காலமானவர் பெயருக்கு அட்டை போவது. போன வருடப் பட்டியலை எடுத்து அப்படியே முகவரி எழுதச் சொல்வதால் இது நேர்கிறது. குடும்பத் தலைவரை இழந்த வீட்டில், அவர் பெயர் போட்டு, வண்ணப் படத்தோடு, "இன்று போல் என்றும் மகிழ்ச்சி பொங்க" என்று ஒரு அட்டை வந்து விழுந்தால் அந்த வீட்டாருக்கு எப்படி இருக்கும்? முப்பது வருடம் சரக்கு எடுத்தவர் இறந்தது கூட இந்தக் கடைக்குத் தெரியவில்லை என்றுதானே நினைப்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு ஆண்டும் புரட்டாசி மாதத்தில் பட்டியலை ஒரு தடவை உரக்கப் படிக்க வேண்டும். முதலாளி, கணக்குப்பிள்ளை, லைனுக்குப் போகும் விற்பனைப் பையன் மூவரும் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். யார் காலமானார், யார் கடை மாற்றினார், எந்தக் கூட்டு பிரிந்தது, எந்தக் கடையை மகன் ஏற்றுக்கொண்டார் என்பதெல்லாம் இந்த மூவரில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். கூட்டு பிரிந்த கடைக்குப் பழைய கூட்டாளியின் பெயரையும் சேர்த்து எழுதுவது புண்ணில் கோல் வைப்பது போல.

துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டு பண்டிகை கொண்டாடாதது இந்துக் குடும்பங்களில் பரவலான வழக்கம். சில இடங்களில் பங்காளிகளும் இதை அனுசரிக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு அந்த ஆண்டு வாழ்த்து அட்டையும் இனிப்பும் அனுப்பக்கூடாது. அதற்காக ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவும் கூடாது. பக்கத்து ஊராக இருந்தால் பண்டிகைக்கு முன் ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். தூரமாக இருந்தால் வெள்ளைத் தாளில் கையால் எழுதிய நாலு வரிக் கடிதம் போதும். மாதிரி கீழே தந்திருக்கிறோம். அந்த வருடம் வந்த நூறு அட்டைகளை மறந்தாலும் இந்த நாலு வரியை அந்தக் குடும்பம் மறக்காது.

பதிவேட்டில் பெயர், முகவரி, பின்கோடு, தொலைபேசி எண் ஆகியவற்றோடு, "இவருக்கு எந்தப் பண்டிகை" என்று ஒரு கலமும் "இந்த ஆண்டு குறிப்பு" என்று ஒரு கலமும் இருக்க வேண்டும். இரண்டாவது கலத்தில் துக்கம், கல்யாணம், புதுமனை எல்லாம் ஏறும். இந்தப் பதிவேடு கடையின் சொத்து. பூட்டி வைக்க வேண்டியது.

பெயரும் மரியாதையும்

இனிஷியல் தவறினால் அது வேறு ஆள். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று கடைக்காரர்கள் இருக்கிற ஊர்கள் உண்டு. தனி நபருக்கு "திரு. ..... அவர்கள்" என்றும், கூட்டு ஸ்தாபனத்துக்கு "திருவாளர்கள்" என்றும் எழுதுவது நம் வணிக வழக்கம். இஸ்லாமிய அன்பர்களுக்கு "ஜனாப்" என்று எழுதலாம். "திரு" என்றாலும் குறையில்லை.

பேச்சில் அண்ணாச்சி என்றும் முதலாளி என்றும் மாமா என்றும் அழைக்கிறோம். எழுத்தில் அவர் தம் பெயர்ப் பலகையில் எப்படிப் போட்டிருக்கிறாரோ அப்படியே எழுத வேண்டும். அவர் போடாத சாதிப் பட்டத்தை மரியாதை என்று நினைத்து நாம் சேர்க்கக்கூடாது. பெண்கள் நடத்தும் கடைகள் இன்று நிறைய இருக்கின்றன. "சௌ." என்று எழுதுவதைத் தவிர்த்து, "திருமதி" என்றோ, விவரம் தெரியாவிட்டால் "அம்மையார் அவர்கள்" என்றோ எழுதுவது யாருக்கும் உறுத்தாது. கடை அந்த அம்மாள் பெயரில் இருக்கும்போது வாழ்த்தைக் கணவர் பெயருக்கு அனுப்புவதும் சரியில்லை.

கறுப்புக் கரை போட்ட உறை, கறுப்பு பார்டர் அச்சிட்ட அட்டை ஆகியவை நம் பக்கத்தில் துக்கத்துக்கு உரியவை. இப்போது வரும் புது மாதிரி டிசைன்களில் கறுப்பு அதிகம் இருக்கிறது. ஆல்பம் பார்க்கும்போதே இதைத் தள்ளிவிடலாம்.

எந்தப் பண்டிகை, எந்த நாள்?

எல்லோருக்கும் ஒரே அட்டை என்பது சுலபம். ஆனால் வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்கள் அல்லர்.

ரமலான் பெருநாள் பிறை பார்த்தே முடிவாகிறது. தலைமை காஜியின் அறிவிப்பு வந்த பிறகே நாள் உறுதி. காலண்டரில் சிவப்பாக இருக்கிறதே என்று முதல் நாளே செல்போனில் வாழ்த்து அனுப்பினால், அன்று அவர் இன்னும் நோன்பில் இருக்கலாம். மொஹரத்துக்கு அரசு விடுமுறை உண்டு என்பதால் அதற்கும் வாழ்த்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்தாம் நாள் கர்பலாவில் இமாம் ஹுசைன் உயிர் நீத்த நினைவு நாள். அதற்கு வாழ்த்து வேண்டாம்.

புனித வெள்ளியும் அப்படியே. அது இயேசு சிலுவையில் உயிர் விட்ட நாள். "இனிய புனித வெள்ளி" என்று எழுதக்கூடாது. இரண்டு நாள் பொறுத்து ஈஸ்டர் ஞாயிறன்று வாழ்த்துச் சொல்லலாம். அதற்கு முந்தைய தவக்காலத்தில் இனிப்புப் பெட்டி அனுப்புவதையும் தவிர்ப்பது நல்லது.

சென்னை சவுகார்பேட்டை போன்ற இடங்களிலுள்ள வட இந்திய வியாபாரிகளோடு கொள்முதல் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நமக்குத் தீபாவளி நரக சதுர்த்தசியன்று விடியற்காலை எண்ணெய்க் குளியலோடு வருகிறது. அவர்களுக்கு அமாவாசை மாலை லட்சுமி பூஜைதான் முக்கியம். குஜராத்தி வியாபாரிகள் அப்போது கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை செய்து, அதை அடுத்து வரும் நாளைப் புத்தாண்டாகக் கொண்டாடுகிறார்கள். அந்த நாளில் ஒரு வாழ்த்து போனால் "நம் வழக்கம் தெரிந்தவர்" என்று மதிப்பார்கள். தெலுங்கு, கன்னட அன்பர்களுக்கு உகாதி, மலையாளிகளுக்கு ஓணம், சமணர்களுக்கு மகாவீர் ஜெயந்தி ஆகியவற்றையும் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் புத்தாண்டு பற்றியும் ஒரு வார்த்தை. 2008ல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று தமிழக அரசு சட்டம் செய்தது. 2011ல் அச்சட்டம் நீக்கப்பட்டு மீண்டும் சித்திரை முதல் நாள் ஆயிற்று. இன்றும் தையைப் புத்தாண்டாகக் கொள்ளும் வாடிக்கையாளரும் இருக்கிறார்கள், சித்திரையைக் கொள்பவரும் இருக்கிறார்கள். கடை வாழ்த்தில் இந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. தையில் "பொங்கல் திருநாள் வாழ்த்து", சித்திரையில் "சித்திரைத் திருநாள் வாழ்த்து" என்று போட்டால் இருவரும் மகிழ்வார்கள். கட்சிக் கொடி நிறம், தலைவர் படம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று: வாழ்த்து பண்டிகைக்கு மூன்று, நான்கு நாள் முன்பு கிடைக்க வேண்டும். பண்டிகை முடிந்து வரும் வாழ்த்து, பந்தி முடிந்து வரும் சாம்பார்.

காலண்டர்

வாழ்த்துகளில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வீட்டுச் சுவரில் தொங்குவது காலண்டர் ஒன்றுதான். ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள் பார்க்க வீட்டிலுள்ள பெரியவர்கள் தினசரி காலண்டரைத்தான் இன்றும் தேடுகிறார்கள். ஆகவே அதைக் கொடுப்பதிலும் ஒரு முறை வேண்டும்.

முதலாவது, எண்ணிக்கை. வருகிற வாடிக்கையாளரில் பாதிப் பேருக்குக் காலண்டர் அடித்துவிட்டு மீதிப் பேருக்கு "தீர்ந்துவிட்டது" என்று சொல்வது, ஒன்றுமே அடிக்காமல் இருப்பதை விட மோசம். மாதம் இருபதாயிரத்துக்கு வாங்குபவருக்குப் பெரிய காலண்டர், தினம் ஐம்பது ரூபாய்க்கு வாங்கும் அம்மாளுக்கு ஒன்றுமில்லை என்றால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடை வாசலில் நிற்கும் நாள் ஒன்று வரும். வசதி குறைவென்றால் சிறிய அளவிலேயே எல்லோருக்கும் அடிக்கலாம். லோடுமேன், லாரி பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, தபால்காரர், பக்கத்துக் கடைக்காரர் ஆகியோரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பத்து சதவீதம் கூடுதலாக ஆர்டர் கொடுப்பது நல்லது.

இரண்டாவது, படம். சாமி படம் போட்டால் சில வீடுகளில் வருடம் முடிந்தும் கழற்ற மனம் வராது. வேறு சமயத்தார் அதை வாங்கிக்கொண்டு போய்ச் சுருட்டியே வைத்துவிடுவார்கள். இயற்கைக் காட்சி, குழந்தை படம் என்று ஒரு பங்கு தனியாக அடித்து வைத்திருந்தால் எல்லோருக்கும் மாட்டுவதற்கு ஒன்று இருக்கும்.

மூன்றாவது, கொடுக்கும் விதம். சாமான் பையில் பருப்புக்கும் சோப்புக்கும் நடுவே செருகி அனுப்பாமல், முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து, பெயர் சொல்லி, கையில் கொடுக்க வேண்டும். பத்து விநாடி ஆகும். காலண்டருக்கு நாம் கொடுத்த விலையை விட அந்தப் பத்து விநாடிக்கு மதிப்பு அதிகம்.

செல்போன் வாழ்த்து

பொங்கல் வாழ்த்து அட்டைகள் குவிந்த காலம் போய்விட்டது. இன்று பெரும்பாலான வாழ்த்துகள் வாட்ஸ்அப்பில்தான் போகின்றன. செலவில்லை என்பதாலேயே தவறுகளும் கூடிவிட்டன.

வாடிக்கையாளர் எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்த்து வாழ்த்து அனுப்புவது பெரிய தவறு. குரூப்பிலுள்ள ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோரின் எண்ணும் தெரியும். நம் பதிவேடு முழுவதையும் எதிர்க்கடை மொத்த வியாபாரி ஒரே பார்வையில் எடுத்துக்கொள்ளலாம். பெண் வாடிக்கையாளர்களின் எண் அறிமுகமில்லாதவர்கள் கைக்குப் போகிறது என்பதையும் நினைக்க வேண்டும். குரூப்புக்குப் பதில் பிராட்காஸ்ட் வசதியைப் பயன்படுத்தினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால் நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கே அது போய்ச் சேரும். கடை எண்ணைச் சேமிக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

யாரோ அனுப்பிய படத்தை, அடியில் இன்னொரு கடைப் பெயர் இருப்பதைக் கூடப் பார்க்காமல் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை விடப் பெயர் சொல்லி இரண்டு வரி எழுதுவது மேல். முக்கியமான இருபது வாடிக்கையாளருக்காவது போனில் பேசிவிடலாம். விடியற்காலையிலும் இரவு ஒன்பதுக்கு மேலும் வேண்டாம்.

"இங்கே தொட்டால் உங்கள் பெயரில் வாழ்த்து வரும்" என்ற இணைப்புகளையும், வாழ்த்து, அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. கோப்புகளையும் யாருக்கும் அனுப்பக்கூடாது, நாமும் திறக்கக்கூடாது. இவற்றின் மூலம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் திருடப்படுகிறது. நம் கடைப் பெயரை நம்பித் தொட்டவர் பணம் இழந்தால் அந்தப் பழி நம்மீதுதான் விழும்.

அன்பளிப்பும் கணக்கும்

வாழ்த்தோடு இனிப்பு, பாத்திரம், வெள்ளிக் காசு கொடுப்போர் சில விதிகளை நினைவில் வைக்க வேண்டும். இலவசமாகக் கொடுக்கும் பொருளை வாங்கியபோது செலுத்திய ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. 2022 ஜூலை 1 முதல், வியாபாரத் தொடர்பில் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பலன் கொடுத்தால் 10 சதவீதம் வருமான வரி பிடித்தம் செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. முந்தைய நிதியாண்டில் வியாபார விற்றுமுதல் 1 கோடி ரூபாயைத் தாண்டாத தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் இந்தக் கடமை இல்லை. பெரிய அளவில் செய்வோர் ஆடிட்டரைக் கலந்துகொள்ளவும்.

அரசு அலுவலர்களுக்கு வாழ்த்து மட்டும் போதும். 2018ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பின், வாங்குபவரைப் போலவே கொடுப்பவரும் நேரடியாகத் தண்டனைக்கு உரியவராகிறார்.

மாதிரி வாசகங்கள்

பொதுவாக: "அன்புடையீர், வணக்கம். ஆண்டு முழுவதும் தாங்கள் எங்கள் கடை மீது வைத்துள்ள நம்பிக்கைக்கு நன்றி. தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் கடை ஊழியர்களுக்கும் எங்கள் பொங்கல் நல்வாழ்த்துகள்."

துக்க வீட்டுக்கு: "அன்புடையீர், வணக்கம். இந்த ஆண்டு தங்கள் இல்லத்தில் பண்டிகை இல்லை என்பதை அறிவோம். ஐயா அவர்களை நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம். எங்களால் ஆக வேண்டியது ஏதும் இருந்தால் தயங்காமல் தெரிவியுங்கள்."

கடையை ஏற்ற மகனுக்கு: "தங்கள் தகப்பனார் காலத்திலிருந்து தொடரும் நம் பழக்கம் தங்கள் காலத்திலும் தொடர வேண்டும் என்று விரும்புகிறோம். தீபாவளி நல்வாழ்த்துகள்."

அச்சிட்ட அட்டையானாலும் கையெழுத்து மையில் இருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் பில்லுக்குப் போதும்; வாழ்த்துக்குப் போதாது.

பதில் வாழ்த்து

நமக்கு வரும் வாழ்த்துகளையும் கவனிக்க வேண்டும். சிறிய ஊரிலிருந்து ஒரு பெட்டிக்கடைக்காரர் போட்ட அட்டைக்குப் பதில் போடாமல் விட்டால், "பெரிய இடம், நம்மை எங்கே நினைக்கப் போகிறார்கள்" என்று அவர் எடுத்துக்கொள்வார். பண்டிகை முடிந்த ஒரு வாரத்துக்குள் பதில் போய்விட வேண்டும். வந்த வாழ்த்துகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நம் பட்டியலில் விட்டுப்போன பெயர்களும் தெரியவரும். அவற்றை உடனே சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய அங்காடிகளும் செல்போன் வழியே வீட்டுக்குச் சாமான் அனுப்பும் கம்பெனிகளும் கூட நம் வாடிக்கையாளருக்குப் பண்டிகைதோறும் வாழ்த்து அனுப்புகின்றன. நம்மை விட அழகாக, நம்மை விட முன்னதாக அனுப்புகின்றன. ஆனால் அந்த வீட்டில் இந்த ஆண்டு பண்டிகை உண்டா இல்லையா என்பது அவற்றுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அந்த அறிமுகம்தான் நம் கடையின் முதல். புரட்டாசியில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பதிவேட்டைப் பிரித்து உட்காருமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.